பருப்பை மட்டும் நம்பி மேடை ஏற முடியாது

கேள்வி: வயது 26, எடை 75 கிலோ. பால், முட்டை உட்பட விலங்கு உணவு எதையும் தொடுவதில்லை. அடுத்த ஆண்டு ஆணழகன் போட்டியில் இறங்க ஆசை. பருப்பு, சுண்டல், வேர்க்கடலை என்று நிறையச் சாப்பிட்டும் தொப்பைதான் கூடுகிறது. என்ன செய்வது?

பதில்: சாப்பிடும் பொருளை மாற்ற வேண்டும். 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராம். கூடவே மாவுச்சத்து 60 கிராம் வந்துவிடுகிறது. வேர்க்கடலையில் 25 கிராம் புரதத்துக்கு ஏறக்குறைய 50 கிராம் கொழுப்பு. தொப்பை வந்த வழி இதுதான்.

உங்களுக்கு நாளொன்றுக்கு 150 முதல் 160 கிராம் புரதம் தேவை. அதைப் பருப்பிலேயே எடுக்க நினைத்தால் 700 கிராம் பருப்பு வேகவைக்க வேண்டும். எந்த வயிறு தாங்கும்?

காலையில் 60 கிராம் பாசிப்பயறை ஊறவைத்து அரைத்த பெசரட்டு, 100 கிராம் டோஃபு (சோயா பன்னீர்) பொரியல். மதியம் அளவாகச் சோறு, சாம்பார், 50 கிராம் மீல் மேக்கர் (சோயா உருண்டை). பயிற்சி முடிந்ததும் பட்டாணி அல்லது சோயா புரதப் பொடி 40 கிராம். இரவு 200 கிராம் டோஃபு, 3 சப்பாத்தி. படுக்குமுன் இன்னொரு 30 கிராம் பொடி. கணக்குச் சரியாக வரும். தாவரப் புரதத்தில் தசையைத் தூண்டும் லியூசின் என்ற அமினோ அமிலம் சற்றுக் குறைவு என்பதால் ஒரு வேளைக்குப் புரதம் 30 கிராமுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி வேளை மட்டும் கொஞ்சம் குறைந்தால் பரவாயில்லை.

மீல் மேக்கரை உலர்ந்த நிலையில் எடைபோடுங்கள். 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்பது உலர்ந்த எடைக்குத்தான். ஊறினால் எடை மூன்று மடங்காகும். ஊறியதை எடைபோட்டுவிட்டு 'புரதம் போதுமே, ஏன் தசை ஏறவில்லை' என்று கேட்பவர்கள் நிறைய. சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று ஜிம்மில் சொல்வார்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாகத் தெரியவில்லை.

பிரேசிலில் இளைஞர்களை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் எடுத்த, விலங்கு உணவே தொடாத வீகன்களுக்கும் அசைவர்களுக்கும் 12 வாரத்தில் தசை வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. அவர்கள் பயிற்சிக்குப் புதியவர்கள். போட்டியாளருக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும் என்பதால்தான் மேலே கிலோவுக்கு 2 கிராம் கணக்கு.

தசை ஏற்றும் மாதங்களில் வாரம் 200 முதல் 350 கிராம் எடை கூடினால் போதும். அதற்கு மேல் ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. கொழுப்பைக் குறைக்கும் கட்டிங்கில், அதாவது போட்டிக்கு முந்தைய 12 முதல் 16 வாரங்களில், முதலில் வேர்க்கடலையை நிறுத்துங்கள், பிறகு பருப்பைப் பாதியாக்குங்கள். டோஃபு, மீல் மேக்கர், பொடியில் கை வைக்காதீர்கள். வாரத்துக்கு அரை கிலோ இறங்கட்டும்.

தசைக்கு உடனடி ஆற்றல் தர உதவும் கிரியேட்டின் தினமும் 3 முதல் 5 கிராம். அசைவம் உண்ணாதவர் தசையில் அதன் இருப்பு குறைவு. கிரியேட்டின் பொடி செயற்கையாகத் தயாராவதால் தயக்கம் வேண்டாம். வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம். டீ, காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், இரும்புச்சத்தை உடலில் சரியாகச் சேரவிடாது.

கடைசி மூன்று நாளில் பயறு, முட்டைகோஸ் வேண்டாம். வாயு சேர்ந்தால் மேடையில் வயிறு உப்பித் தெரியும். இந்த மூன்று நாள் உணவைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். தண்ணீரை நிறுத்துவதும், நீர் பிரியும் மாத்திரை போடுவதும் உயிருக்கே ஆபத்து. யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.