நாற்பத்தைந்தாவது ஆட்டக்காரர் யார்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: கேள்வி பதில்

இங்கே பேசப்படுவது நம்மூர் கால்பந்து அல்ல. நான்கு முயற்சிக்குள் (ஒவ்வொரு முயற்சியும் ஒரு 'டவுன்') பத்து யார்டு முன்னேற வேண்டிய, ஹெல்மெட் போட்டு மோதும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி அணிகளில் சில ஏன் எப்போதும் உச்சியில் இருக்கின்றன, சில ஏன் எழுந்திருக்கவே மாட்டேன் என்கின்றன என்று வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: சார், ஜார்ஜியா, ஒஹையோ ஸ்டேட் மாதிரி அணிகளிடம் நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறென்ன இருக்கிறது?

நல்ல ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் தோற்கும் அணியிலும் இருப்பார்கள். பெரிய அணியில் நாற்பத்தைந்தாவது ஆளும் நன்றாக ஆடுவார். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

தடுப்பாட்ட முன்வரிசையைப் பாருங்கள். 300 பவுண்டு, அதாவது 136 கிலோ உடம்பு. ஒவ்வொரு ஆட்டத்துணுக்கிலும், அதாவது பந்து கிளம்பி நிற்கும் வரையிலான ஒவ்வொரு முயற்சியிலும், எதிரே அதே எடையுள்ள ஒருவர் மேல் மோத வேண்டும். பலமான அணி எட்டு ஒன்பது பேரை மாற்றி மாற்றி இறக்கும். ஒருவருக்கு முப்பது, நாற்பது துணுக்குகளோடு வேலை முடிந்துவிடும். பலவீனமான அணியில் அதே நான்கைந்து பேர் அறுபது எழுபது துணுக்கு ஆடியாக வேண்டும். நான்காம் கால்பகுதியில் அவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்பது டிவியிலேயே தெரியும். "கடைசியில் கோட்டை விட்டார்கள்" என்கிறோமே, பாதி நேரம் அதற்குக் காரணம் மனவுறுதி இல்லை, மூச்சு.

தாக்குதல் முன்வரிசையில் கணக்கு இன்னும் கொடூரம். ஐந்து பேர் ஆடுவார்கள். தயாராக எட்டுப் பேர் வேண்டும். ஓரத்தில் நிற்கும் இடது டேக்கிள் காயப்பட்டால், ஆள் இல்லாத அணி அவருக்குப் பக்கத்தில் நிற்கும் இடது கார்டைத் தூக்கி டேக்கிளில் போட்டு, கார்டு இடத்தில் மாற்று ஆளைப் போடும். காயம் ஒன்று, மாறிய இடம் இரண்டு. பக்கத்தில் இருப்பவர் எப்படி அடியெடுத்து வைப்பார் என்ற பழக்கமே போய்விடும். ஆள் உள்ள அணி அந்த ஒரு இடத்தில் மட்டும் மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

கேள்வி: அப்படியானால் அதிக நட்சத்திரம் பெற்ற பள்ளி மாணவர்களை அள்ளிப் போட்டால் போதும்தானே?

பெருமளவு உண்மை. பள்ளி ஆட்டக்காரர்களுக்கு ஐந்து நட்சத்திரம் வரை தர மதிப்பீடு உண்டு. நான்கு ஆண்டுகளில் சேர்த்தவர்களில் பாதிக்கு மேல் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்களாக இல்லாத அணி தேசியப் பட்டம் வெல்லாது என்பது பல ஆண்டுகள் பொய்க்காத கணக்கு. 2025 பருவத்தில் இண்டியானா வந்து அதை உடைத்தது.

ஆனால் அள்ளினால் மட்டும் போதாது என்பதற்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் 2022 சாட்சி. அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் பிடித்த புதுமுக வரிசை அவர்களுடையது. முடிவு 5 வெற்றி, 7 தோல்வி. சொந்த மைதானத்தில் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 17-14 என்று தோற்றார்கள். பதினெட்டு வயதுப் பையன் எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும், முன்வரிசையில் நிற்க உடம்பு கட்ட இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அந்தப் பருவத்தில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குகள் மூன்று பேர் மாறி மாறித் தொடங்கினார்கள். பந்தைப் பிடிப்பவருக்கு எறிபவரின் கை பழகுவதற்குள் கையே மாறிவிட்டது.

அலபாமாவில் நிக் சேபன் 2007இல் பயிற்சியாளராக வந்தபோது முதல் ஆண்டு 7-6, அதாவது 7 வெற்றி, 6 தோல்வி. சின்ன அணியான லூசியானா மன்ரோவிடம்கூடத் தோற்றார்கள். 2008இல் சேர்த்த வரிசை இரண்டாம் ஆண்டுக்கு வந்ததும், 2009இல் 14-0, பட்டம். பறித்த காய் பழுக்கக் கொஞ்சம் பொறுத்தார்கள்.

கேள்வி: இண்டியானா எப்படித்தான் செய்தது? நேற்றுவரை கூடைப்பந்து ஊர் அண்ணா அது!

ஆமாம் தம்பி, பெரிய பிரிவில் மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணி என்ற பெயரும் அதற்கு இருந்தது. 2023இல் 3-9. அந்த நவம்பர் கடைசியில் கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 2024இல் 11-2. 2025 பருவத்தில் 16-0. 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று பட்டம்.

அவர் ஆள் எடுத்த விதம்தான் பாடம். "இவன் நாளைக்கு எப்படி வருவான்" என்று பார்க்கவில்லை; "நேற்று ஆட்டத்தில் என்ன செய்தான்" என்று பார்த்தார். முன்பு பயிற்றுவித்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்தே 13 பேர் கூட வந்தார்கள். அவருடைய திட்டம் அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். ஓர் இடத்துக்கு ஒருவர் என்று அவர்கள் பரவி நின்றபோது, புது அணிக்குள்ளேயே சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் கிடைத்துவிட்டார்கள். 2025இல் கலிபோர்னியாவிலிருந்து வந்த குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதே வாங்கினார்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்காரர்களை நிறைய சேர்த்ததையும் கவனியுங்கள். கல்லூரி ஆட்டத்தில் வயது என்பது பலம்.

கேள்வி: நெப்ராஸ்கா ரசிகன். 2021இல் 3-9. ஆனால் போட்ட புள்ளிகள் விட்டதைவிட அதிகம். இது துரதிர்ஷ்டம் இல்லாமல் வேறென்ன?

உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம்தான். அந்த ஒன்பது தோல்வியும் 9 புள்ளி அல்லது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் வந்தவை. ஒன்றிரண்டு ஆட்டம் என்றால் அதிர்ஷ்டத்தைத் திட்டலாம். கீழே விழுந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது போலத்தான். அது அடுத்த ஆண்டு தானே சரியாகும். ஒன்பது ஆட்டத்துக்கும் அந்தச் சமாதானம் செல்லாது.

மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதியில் எதிரிக்கு ஒரு முதல் டவுன்கூட, அதாவது பத்து யார்டு கடந்து கிடைக்கும் புது வாய்ப்புகூட, கிடைக்கவில்லை. நெப்ராஸ்கா 20-13 முன்னிலை, நான்கு நிமிடம்கூட மீதி இல்லை. பண்ட், அதாவது பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரியிடம் ஒப்படைக்கும் உதை, உதைக்க வேண்டும். திட்டப்படி பந்து வலப்பக்கம் போக வேண்டும்; தடுக்கும் பத்துப் பேரும் வலப்பக்கம் ஓடினார்கள். பந்து இடப்பக்கம் போனது. பிடித்தவருக்கு முன்னால் ஆளே இல்லை. 62 யார்டு ஓடி, கோட்டைத் தாண்டி ஆறு புள்ளி தரும் டச்டவுன். கூடுதல் நேரத்தில் 23-20 தோல்வி.

அதற்கு முந்தைய வாரம் ஓக்லஹோமாவிடம் 23-16. அதில் டச்டவுனுக்குப் பிறகான ஒரு புள்ளி உதை தடுக்கப்பட்டு, எதிரி அதையே எடுத்து ஓடி இரண்டு புள்ளி சேர்த்தார். ஆக மூன்று புள்ளி அங்கேயே போயிற்று.

பண்டுக்குக் கைவசம் ஒரு அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். பந்து பதினைந்து யார்டு பின்னால் இருக்கும் உதைப்பவர் கைக்கு முக்கால் நொடியில் வர வேண்டும். காலை விட்டுப் போக மொத்தம் 2.1 நொடிக்குள். அதன்பின் பத்து யார்டுக்கு ஒரு நொடி காற்றில் நிற்க வேண்டும். 45 யார்டு போனால் நாலரை நொடி. 55 யார்டு போய் நான்கே நொடியில் இறங்கினால் அது அழகான உதை இல்லை, எதிரிக்குச் சீதனம்.

கேள்வி: வாரத்துக்கு எல்லோருக்கும் 20 மணி நேரப் பயிற்சிதானே? பிறகு எங்கே வித்தியாசம் வருகிறது?

விதி அதுதான்: பருவத்தில் வாரம் 20 மணி நேரம், ஒரு நாளில் 4 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரு நாள் கட்டாய ஓய்வு. பொதுவாகச் செவ்வாயன்று முதல் இரண்டு டவுன்களுக்கான ஆட்டம், புதன் மூன்றாம் டவுன், வியாழன் எதிரியின் கடைசி 20 யார்டு, வெள்ளி நடந்து பார்த்துக்கொள்வது. ஐந்தைந்து நிமிடப் பகுதிகளாகப் பிரித்து மணியடித்து நடத்துவார்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை ஆடுகிறார்கள் என்பதைத்தான் எண்ண வேண்டும். தேர்ந்த அணி இரண்டு மைதானத்தில் ஒரே நேரத்தில் ஓட்டும். முதல் வரிசை ஒரு பக்கம், இரண்டாம் வரிசை இன்னொரு பக்கம். மோசமான பயிற்சியில் பத்து பேர் ஆட, அறுபது பேர் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்கள். தவறு நடந்ததும் பயிற்சியாளர் மைதானத்திலேயே ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்தால் அந்தப் பகுதி காலி. அதைச் சொல்ல வேண்டிய இடம் வீடியோ அறை.

கேள்வி: டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) ஆள் எடுத்தே அணி கட்டலாமா?

கட்டலாம், ஆனால் வாடகை வீடு. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023இல் தோல்வியே இல்லாமல் 13-0 வரை போனது. 2024இல் 2-10. பல ஆட்டக்காரர்கள் கடைசி ஆண்டில் இருந்தவர்கள், போய்விட்டார்கள். கீழே பழுக்க வைத்த வரிசை போதவில்லை. மறுபடி வெளியே போய் வாங்கியவர்கள் ஒத்துவரவில்லை. குவார்ட்டர்பேக், பந்து பிடிப்பவர், தடுப்பாட்டப் பின்வரிசை ஆகியோரைப் போர்ட்டலில் எடுங்கள். தாக்குதல் முன்வரிசையை மட்டும் வீட்டிலேயே வளர்ப்பது நல்லது. நல்ல டேக்கிளை எந்த அணியும் லேசில் வெளியே விடாது. வெளியே வந்தால் விலை தாங்காது.

கேள்வி: பயிற்சியாளரை மாற்றினால் ஏன் நிலைமை இன்னும் மோசமாகிறது?

ஆட்ட முறை மாறினால் இருக்கும் ஆட்கள் அதற்குப் பொருந்த மாட்டார்கள். ஜார்ஜியா டெக் 2018 வரை டிரிபிள் ஆப்ஷன் ஆடியது. எறிவது குறைவு, ஓடுவதே பிழைப்பு. அதற்கு எடை குறைந்த, சட்டென்று கிளம்பும் முன்வரிசை வேண்டும். முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் தேவையே இல்லை. புதியவர் வந்து எறியும் ஆட்டத்துக்கு மாற்றினார். எறிபவரைக் காக்கும் எடை இல்லை, டைட் எண்ட் இல்லை. 2019இல் 3-9, 2020இல் 3-7, 2021இல் 3-9. புதிய திட்டம் தப்பு என்று சொல்லவில்லை. சட்டைக்கு ஏற்ற உடம்பு வர மூன்று நான்கு ஆண்டு ஆகும். அதற்குள் தைத்தவரையே மாற்றிவிடுகிறார்கள்.

கேள்வி: பணம்?

முக்கியம். 2025-26இல் ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாகப் பகிரும் வரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர். வரம்பு எல்லோருக்கும் ஒன்று, கஜானா ஒன்று அல்ல. ஆனால் தோற்கும் அணிகள் பணத்தை எங்கே கரைக்கின்றன என்று பாருங்கள்: டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023இல் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை அனுப்ப 75 மில்லியனுக்கு மேல் ஒப்புக்கொண்டது. போகச் சொல்லக் கொடுத்த பணம் அது.

கேள்வி: ஆள் இல்லாத சின்ன அணி பெரிய அணியை வெல்ல வழியே இல்லையா?

இருக்கிறது: ஆட்டத்தைச் சுருக்குவது. 2024 அக்டோபர் 5 அன்று வாண்டர்பில்ட் முதலிட அலபாமாவை 40-35 என்று வென்றது. அறுபது நிமிடத்தில் 42 நிமிடம் 8 நொடி பந்து அவர்களிடம். மூன்றாம் டவுனில் 18 முயற்சிக்கு 12 வெற்றி. அலபாமாவின் ஆட்டக்காரர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் ஓரத்தில் உட்கார்ந்தபடி டச்டவுன் போட முடியாது. பந்தைக் கைநழுவ விடாமல், முதல் டவுனில் நாலைந்து யார்டு எடுத்துக்கொண்டே போனால்தான் இது பலிக்கும். முதல் டவுனில் இரண்டு யார்டு இழந்தால் திட்டம் அப்போதே குப்பைக்கு.

கேள்வி: முதல் பத்து நிமிடத்திலேயே எது நல்ல அணி என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஸ்கோரைப் பார்க்காதீர்கள். முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுதும் கிடைத்தால் அந்தத் துணுக்கு வெற்றி. காகிதத்தில் ஒரு கோடு போடுங்கள். இரண்டாம் டவுன், 8 யார்டு வேண்டும் என்றால் 6 கிடைத்தால் டிக்.

அடுத்து, மூன்றாம் டவுனில் எத்தனை யார்டு மிச்சம் என்று பாருங்கள். இரண்டு மூன்று என்றால் ஓடவும் செய்யலாம், எறியவும் செய்யலாம், எதிரி குழம்புவார். ஒன்பது என்றால் எறியத்தான் வேண்டும் என்பது ஊருக்கே தெரியும்.

கடைசியாக, எறிபவர் மேல் நான்கே பேர் பாய்ந்து அவரை நகர வைக்கிறார்களா என்று பாருங்கள். நான்கு பேர் போதுமென்றால் பின்னால் ஏழு பேர் காவலுக்கு நிற்பார்கள். அதற்கு ஆறு பேரை அனுப்ப வேண்டியிருந்தால், ஒரு நல்ல எறிக்கு அந்தப் பக்கம் வயல்வெளிதான்.