ட்ரௌட் மீன் மேலே வருகிறது, பார்க்கிறது, திரும்பிவிடுகிறது. ஏன்?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ஏப்ரல் கடைசியில் கேட்ஸ்கில் மலைப்பக்கம் பீவர்கில் ஆற்றுக்கு மீன்பிடிக்கப் போவேன். இந்தக் குளிர்காலத்தில் ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் பொய்ப்பூச்சி) கட்டக் கற்றுக்கொண்டு, 14-ஆம் எண் முள்ளில் ஹென்ட்ரிக்சன் பூச்சி மாதிரி, நீர்மேல் மிதக்கும் டிரை ஃப்ளை கட்டினேன் (படம் இணைத்திருக்கிறேன்). தண்ணீரில் விழுந்ததும் பின்பக்கம் அமுங்கி, பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது. நாலு வீச்சில் மூழ்கியும் போகிறது. ஒழுங்காக மிதக்கும்போதும், ஓட்டம் குறைந்த மடுவில் ட்ரௌட் மேலே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. நிறம் சரியில்லையா? விலை கூடிய இறகு வாங்கட்டுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு வேறு சிக்கல்கள். ஒன்றைக் கட்டும் மேசையிலேயே சரிசெய்யலாம், மற்றதை ஆற்றில்தான் சரிசெய்ய முடியும்.

முதலில் மேசை. படத்தில் வாலைப் பாருங்கள், நாலைந்து இழைதான் இருக்கிறது, அதுவும் கீழ்நோக்கித் தொங்குகிறது. டிரை ஃப்ளை முன்னால் ஹேக்கிள் (முள்ளைச் சுற்றிய இறகு), பின்னால் வால் என்று இரண்டையும் ஊன்றித்தான் மிதக்கிறது. சேவல் இறகின் விறைப்பான இழைகள் எட்டோ பத்தோ எடுத்து, முள்ளின் தண்டு நீளத்துக்கே வால் வையுங்கள். தண்டு நேராக இருக்கும் இடத்தோடு நூலை நிறுத்திவிட வேண்டும். வளைவுக்குள் ஒரு சுற்று இறங்கினாலும் வாலும் கூடவே இறங்கிவிடும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

பக்கவாட்டில் சாய்வதற்குச் சிறகு காரணம். வுட் டக் வாத்தின் இறகை நிறைய அள்ளி வைத்திருக்கிறீர்கள், உயரமும் கூடுதல். சிறகும் தண்டு நீளத்துக்கு மேல் போகக் கூடாது. ஹேக்கிள் இழையின் நீளம், முள்ளின் தண்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளியைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கட்டும். சுற்றுவதற்கு முன் இறகைத் தண்டின்மேல் வளைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

மூழ்குவதற்குக் காரணம் உடம்பு. குத்துவிளக்குத் திரி மாதிரி டப்பிங்கை (உடம்புக்காக நூலில் திரிக்கும் மென்முடியை) தடிமனாகத் திரித்தால் அது தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும். நூலின்மேல் தூசி படிந்த மாதிரி இருந்தால் போதும், குறைவாக இருக்கிறதே என்று தோன்றும் அளவுதான் சரியான அளவு. அப்புறம், முள்ளின் கண்ணருகே கொஞ்சம் இடம் விடுங்கள். முதல் வருடம் நான் கண் வரைக்கும் ஹேக்கிளைச் சுற்றி அடைத்துவிட்டேன். ஆறு முழுக்க மீன் எழும்பிக்கொண்டிருக்க, டிப்பெட் (கயிற்று நுனியில் ஃப்ளையைக் கட்டும் மெல்லிய இழை) நுழையாமல் கரையில் உட்கார்ந்து ஊசியால் குத்திக் குத்திக் கண்ணைத் திறந்தேன். திறந்து முடிப்பதற்குள் பூச்சி கிளம்புவதும் நின்றுவிட்டது.

சரி, இனி ஆறு. ஹென்ட்ரிக்சன் ஃப்ளையை 1916-இல் ராய் ஸ்டீன்ராட் கட்டினார். அவருக்கும் முன்னால் கேட்ஸ்கில் பக்கத்தில் இந்த வித்தைக்கு வேர் ஊன்றியவர் தியோடர் கார்டன். இங்கிலாந்திலிருந்து டிரை ஃப்ளை வல்லுநர் ஹால்ஃபர்ட் 1890-இல் அனுப்பிய மாதிரி ஃப்ளைகளைப் பார்த்து, கேட்ஸ்கில்லின் முரட்டு ஓட்டத்துக்கு ஏற்றபடி மாற்றினார். விறைப்பான ஹேக்கிள்மேல் எம்பி நிற்கும் இந்தப் பாணி, கல்லில் மோதி ஓடும் தண்ணீரில் பிரமாதமாக வேலை செய்யும். நீங்கள் போடுவதோ கண்ணாடி மாதிரி மடுவில். அங்கே மீனுக்கு ஆற அமரப் பார்க்க நேரம் இருக்கிறது.

அது எதைத் தின்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஹென்ட்ரிக்சன் என்பது மேஃப்ளை என்ற நீர்ப்பூச்சியில் ஒரு வகை. மேஃப்ளை நம் ஊர் ஈசல் மாதிரிதான், உறவு ஒன்றும் இல்லை என்றாலும் சிறகு முளைத்தபின் வாழ்வு அதற்கும் கொஞ்ச நேரமே. ஹென்ட்ரிக்சன் ஏறக்குறைய ஒரு வருடம் ஆற்றடியில் கிடந்து, ஒரு பிற்பகலில் மேலே வந்து, நீர்ப்பரப்பில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். அந்த நேரத்தில் அதனால் பறக்க முடியாது. ட்ரௌட்டுக்கு அதைவிடச் சுலபமான சாப்பாடு கிடையாது. ஆகவே மீன் எழும்பும் விதத்தைக் கவனியுங்கள். மூக்கு வெளியே தெரிந்து, அந்த இடத்தில் ஒரு நீர்க்குமிழி மிஞ்சினால் பரப்பில் நிற்கும் பூச்சியைத் தின்கிறது. முதுகும் வாலும் மட்டும் புரண்டு, குமிழி இல்லை என்றால் பரப்புக்குக் கீழே பாதி வெளிவந்ததைத் தின்கிறது. எம்பி நிற்கும் உங்கள் ஃப்ளையைப் பார்த்துத் திரும்புவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை மீன்தான்.

இதற்குப் புது ஃப்ளைகூடத் தேவையில்லை. கரையில் நின்றபடியே சின்னக் கத்தரியால் அடிப்பக்க ஹேக்கிளைத் தட்டையாக வெட்டிவிடுங்கள். உடம்பு தண்ணீரோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மெனக்கெட்டுச் சுற்றிய இறகை வெட்ட மனசு வராது, வெட்டுங்கள். அடுத்த குளிர்காலத்தில் மான்முடிச் சிறகு வைத்து, ஹேக்கிளே இல்லாத காம்பராடன் என்ற ஃப்ளை கட்டிப் பழகலாம். மடுவுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

நிறத்தைவிடப் பெரிய வில்லன் ஒன்று இருக்கிறது, இழுவை. உங்களுக்கும் ஃப்ளைக்கும் நடுவில் ஓட்டம் வேகமாக இருந்தால், கயிறு முன்னால் ஓடி ஃப்ளையை மெல்ல இழுத்துவிடும். நாற்பது அடி தள்ளி நிற்கும் நமக்கு அது தெரியாது, மீனுக்குத் தெரியும். ஃப்ளைக்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு நுரைக்குமிழியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். இரண்டும் சேர்ந்தே போனால் இழுவை இல்லை. பிரிந்தால், வீசும்போதே கோலை ஓட்டத்தின் மேல்பக்கம் சாய்த்துக் கயிற்றை அங்கே போடுங்கள். டிப்பெட்டையும் 5எக்ஸில், அதாவது 0.006 அங்குலத் தடிமனில், மூன்று நான்கு அடி நீளமாக்குங்கள். அது நேராக விறைக்காமல் நெளிநெளியாக விழுந்தால், அந்த நெளிவு நிமிரும் வரைக்கும் ஃப்ளை தன் போக்கில் போகும்.

மிதக்க வைக்கும் ஜெல்லை வீசுவதற்கு முன்பே, விரலில் ஒரு பொட்டு எடுத்து மெல்லிசாகத் தடவுங்கள். மீன் கடித்த ஃப்ளையில் வழவழப்பு ஒட்டியிருக்கும். அதை அலசி, துணியில் ஒற்றி, உலர்த்தும் பொடியில் போட்டுக் குலுக்கிய பிறகே மறுபடி வீச வேண்டும்.

ஒருவேளை நீங்கள் மாலையில் போகிறீர்கள் என்றால், மேலே சொன்ன வெட்டிய ஃப்ளையும் பலிக்காமல் போகலாம். அந்த நேரத்தில் விழுவது முட்டையிட்டு முடித்து, கண்ணாடிச் சிறகை இரண்டு பக்கமும் விரித்துச் செத்துக் கிடக்கும் பூச்சி. அதற்கு நிமிர்ந்த சிறகே உதவாது. துருப்பிடித்த நிறத்தில் உடம்பும், பக்கவாட்டில் விரித்த வெள்ளைச் சிறகுமாக இரண்டு மூன்று கட்டிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.