ஊரில் பேசி முடித்தாலும் கனடாவில் கேஸ் முடியாது

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கூடத் தங்கியிருந்த பையனோடு வாக்குவாதம், கோபத்தில் தள்ளிவிட்டீர்கள், போலீஸ் வந்து அடிதடி கேஸ் போட்டு, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டது. அவரும் காரைக்குடிப் பக்கம் என்பதால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கொப்புடைய அம்மன் கோயிலில் வைத்துப் பேசி முடித்துவிட்டார்கள். அவரே வாபஸ் வாங்குகிறேன் என்கிறார், இனி கோர்ட்டுக்குப் போகணுமா என்கிறீர்கள்.

கட்டாயம் போகணும்.

நானும் செக்காலையில் வளர்ந்தவன்தான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் எத்தனை பகை தீரும் என்று பார்த்திருக்கிறேன். சில சிறு குற்றங்களில் பாதிக்கப்பட்டவரே சமரசமாகப் போக இந்தியச் சட்டமும் இடம் தருகிறது. கனடாவில் வழக்கு அரசுக்கும் உங்களுக்கும் நடுவே. வழக்கின் தலைப்பிலேயே ஒரு பக்கம் அரசின் பெயராக மன்னர், மறுபக்கம் உங்கள் பெயர். அந்தப் பையன் சொல்வதைக் கிரௌன் வக்கீல், அதாவது வழக்கை நடத்தும் அரசுத் தரப்பு வக்கீல், கேட்டுக்கொள்வார். கைவிடுவதா நடத்துவதா என்ற முடிவு அவருடையது. நீங்கள் போகாவிட்டால் வாரண்ட் வரும், ஆஜராகாததே தனிக் குற்றமாகிவிடும்.

அந்தத் தாளை எடுத்து நிதானமாகப் படியுங்கள். கோர்ட் தேதி, கைரேகை வைக்க வேண்டிய தேதியோடு நிபந்தனைகளும் இருக்கும். அவரோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்பு கூடாது என்று இருந்தால், அவர் அனுப்பும் வாட்ஸ்அப்புக்கு நீங்கள் பதில் போடுவதே மீறல். உங்களுக்காக அம்மா ஊரிலிருந்து அவரிடம் பேசினால் அதுவும் மறைமுகத் தொடர்பாகலாம். உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முதல் கேஸைவிட இந்த மீறல் கேஸில் மாட்டித் தவித்த நம் பிள்ளைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அடுத்தது விசா. இங்கே கிரிமினல் சட்டம் மத்திய அரசுடையது. டொராண்டோவானாலும் வான்கூவரானாலும் ஒரே சட்டம்தான், கோர்ட்டை நடத்துவதுதான் மாகாணம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர் சொல்வதை இங்கே பொருத்தாதீர்கள், அங்கே பெரும்பாலும் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கனடாவில் குற்றங்கள் சிறியவை, பெரியவை என்று இரண்டு வகை. சாதாரண அடிதடி நடுவில் நிற்பது. எந்த வகையாக நடத்துவது என்று கிரௌன் தேர்ந்தெடுக்கும். பெரிய வகையாக நடத்தினால் 5 வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. சிறியதாகத்தானே நடத்துகிறார்கள் என்று நிம்மதியாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் உண்டு. ஆனால் குடிவரவுச் சட்டம் இந்த நடுவகைக் குற்றத்தை எப்போதும் பெரியதாகவே எண்ணும். ஸ்டடி பெர்மிட்டில் இருப்பவருக்கு ஒரே ஒரு தண்டனைப் பதிவு போதும், நாட்டில் இருக்கும் தகுதியே போய்விடலாம். அதனால் கிரிமினல் லாயரிடம் முதலிலேயே உங்கள் விசா நிலையைச் சொல்லுங்கள். 'டிஸ்சார்ஜ்' என்று ஒரு வழி உண்டு. குற்றம் நடந்தது என்று முடிவானாலும் தண்டிக்கப்பட்டவராகக் கணக்கில்லை. அமைதியாக நடப்பேன் என்று எழுதிக் கொடுத்தால் கேஸை எடுத்துவிடுவதும் நடக்கும். எது கிடைக்கும் என்பது உங்கள் கேஸைப் பொறுத்தது.

முதல் நாள் விசாரணை நடக்காது, பயப்படாதீர்கள். பெயரைக் கூப்பிடுவார்கள், போலீஸிடம் உள்ள ஆதாரங்களின் நகலைக் கேட்டு வாங்கலாம், வேறு தேதி போடுவார்கள். லாயர் இன்னும் கிடைக்கவில்லை என்றால் அங்கேயே 'டியூட்டி கவுன்சல்' என்கிற வக்கீல் இருப்பார், அன்றைக்கு உதவுவார். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அது அரசியல் சாசனம் தந்த உரிமை. அதுவரை நடந்ததைப் பற்றி யாரிடமும், முக்கியமாக போலீஸிடம், விளக்கம் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், துணிமணியும் புத்தகமும் அந்த அறையிலேயே இருக்கின்றன என்றீர்களே, போய் எடுத்துவிடாதீர்கள். உங்கள் லாயர் கிரௌனிடம் பேசி நிபந்தனையை எழுத்துமூலம் மாற்ற முடியும். கையில் அந்த எழுத்து வந்த பிறகு போங்கள்.