கிடைக்காத மசாலாவுக்காகச் சமையலை நிறுத்த வேண்டாம்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையில் வரும் உணவுகளுக்கான 'எ ஃபீஸ்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' சமையல் புத்தகத்தை ஆசையாக வாங்கிவிட்டு, கிரெய்ன்ஸ் ஆஃப் பாரடைஸ், பூத்ர் ஃபோர்ட் என்ற மசாலாப் பெயர்களைப் பார்த்து மலைத்துப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை அலமாரியில் தூக்கி வைத்துவிடாதீர்கள், அருமையான புத்தகம் அது.

2012-ல் வந்த அந்தப் புத்தகத்தில் பல உணவுகளுக்கு இடைக்காலச் செய்முறை ஒன்று, இன்றைய செய்முறை ஒன்று என இரண்டும் இருக்கும். முதலில் இன்றையதைச் செய்யுங்கள்.

பழைய முறைதான் வேண்டுமென்றாலும் வழி இருக்கிறது. கிரெய்ன்ஸ் ஆஃப் பாரடைஸ் இஞ்சி, ஏலக்காய் குடும்பத்து விதை. மிளகு போலக் காரம், கொஞ்சம் ஏலக்காய் வாசனை. அதனால் மூன்று பங்கு மிளகோடு ஒரு பங்கு ஏலக்காய் இடித்துப் போட்டால் போதும். பூத்ர் ஃபோர்ட் தனிப் பொருளே அல்ல, மிளகு, பட்டை, கிராம்பு, சுக்கு மாதிரியானவை சேர்ந்த பொடி. வீட்டிலேயே அரைக்கலாம். கிராம்பை மட்டும் அடக்கி வாசியுங்கள், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் அமுங்கிவிடும்.

புறாக்கறி வைத்துச் சுடும் பை (pie), முயல் கறி எல்லாம் அப்புறம் பார்க்கலாம். கதையில் வரும் சான்சா என்ற பெண்ணுக்குப் பிடித்த லெமன் கேக்கில் ஆரம்பியுங்கள். எலுமிச்சையைத் துருவும்போது மஞ்சள் தோலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும்.