ஹைட்ராலிக் ஹோஸ் (உயர் அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் குழாய்) கசிவைத் தேடும்போது எண்ணெய் பீறிட்டு விரலில் சின்ன ஓட்டை விழுந்தது. வலி இல்லை. பிளாஸ்டர் போட்டால் போதுமா?

போதாது தம்பி. இப்போதே கிளம்புங்கள், மீதியை வண்டியில் படித்துக்கொள்ளலாம். தொழிலாளர் தங்கும் விடுதி கிளினிக் வேண்டாம், நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவு. சிங்கப்பூர் கென்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வண்டி கிடைக்காவிட்டால் 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

இங்கே துவாஸ் தொழிற்பேட்டையில் பல வருடமாக பிரஸ், கிரேன் பராமரிப்பு பார்க்கிறேன். வலி இல்லை என்கிறீர்களே, எனக்கு அதுதான் பயம். தோலைத் துளைக்க 100 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு) அழுத்தமே போதும். நம் லைன்களில் 2,000, 3,000 ஓடுகிறது. அந்த வேகத்தில் நுழைந்த எண்ணெய் ஓட்டைக்கு அடியிலேயே நிற்காது, தசைநார் உறை வழியாக உள்ளங்கை வரைகூடப் போய்விடும். சில மணி நேரத்தில் உள்ளே வீங்கி, ரத்த ஓட்டத்தை நெரித்து, சதை அழுக ஆரம்பிக்கும். இந்த மாதிரிக் காயங்களில் ஏறத்தாழ 30 சதவீதம் விரலையோ அதில் ஒரு பகுதியையோ வெட்டி எடுப்பதில் முடிந்ததாக மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. தின்னர், பெயிண்ட், டீசல் என்றால் இன்னும் மோசம். அவற்றுக்கு 6 மணி நேரத்துக்குள் திறந்து சுத்தம் செய்தால் விரல் தப்ப வாய்ப்பு அதிகம்.

எங்கள் இடத்தில் ஒரு அண்ணன் கிரீஸ் கன்னில் (அழுத்தத்தில் கிரீஸ் செலுத்தும் கருவி) இப்படி வாங்கினார். கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை விரல் கறுத்திருந்தது. நல்ல உழைப்பாளி, ஆள்காட்டி விரலில் பாதி போய்விட்டது. இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால் மருத்துவரிடம் "ஊசி குத்தின மாதிரி" என்று சொல்லாதீர்கள். உயர் அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போய்விட்டது என்று சொல்லுங்கள். என்ன எண்ணெய், எவ்வளவு அழுத்தம், எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து. டிரம் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விரலைப் பிதுக்காதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள், கையை உயர்த்தியே வைத்திருங்கள். அறுவை சிகிச்சை இருக்கலாம், எதுவும் சாப்பிட வேண்டாம்.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவரும் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்துக்குள் வருகிறார். ஒரு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) கிடைத்தாலும் கம்பெனி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

அப்புறம், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், கையுறை காப்பாற்றாது. அட்டையோ பலகையோ நீட்டிப் பாருங்கள். பம்ப் நின்ற பிறகும் அக்குமுலேட்டரில் (அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் கலம்) அழுத்தம் இருக்கும். அதை இறக்கி, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.