கறிவேப்பிலையும் வாட்டர்கலரும்

கேள்வி: ஐடி வேலை, ரெண்டு பசங்க, மாமியாருக்கு முட்டிவலி. காலேஜ்ல வாட்டர்கலர் நல்லா பண்ணுவேன். பெயின்ட் பாக்ஸ் பன்னெண்டு வருஷமா பரண்ல கிடக்கு. இந்த ஓட்டத்துல ஓவியத்துக்குன்னு தினமும் ஒரு மணி நேரம் எப்படி சார் ஒதுக்குறது?
- வாசகி, பெருங்குடி

பதில்: ஒதுக்குறதா? நம்ம ஊர்ல எதையெல்லாம் ஒதுக்குறோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க மேடம். அரசாங்கம் நிதி ஒதுக்கும், வந்து சேந்துச்சான்னு ஊர்க்காரங்களக் கேட்டாதான் தெரியும். கூட்டுறப்ப முறம் கைக்கு எட்டலன்னா குப்பைய மூலையில ஒதுக்குவோம். எல்லாத்துக்கும் மேல, கறிவேப்பிலைய ஒதுக்குவோம்.

எங்க பெரியம்மா பையன் ஒருத்தர் இருக்கார், சாம்பார் சாதத்துலேர்ந்து கறிவேப்பிலைய ஒண்ணொண்ணா எடுத்து தட்டு விளிம்புல, பெரிசு சின்னது பாத்து, காம்பெல்லாம் ஒரே பக்கமா வர்ற மாதிரி அடுக்குவார், சாப்பிட அஞ்சு நிமிஷம்னா அடுக்க பத்து நிமிஷம். பெரியம்மா பாத்துப் பாத்து ஒரு நாள் ரெண்டு கைப்பிடி கறிவேப்பிலைய வதக்கி, புளி மிளகா வச்சு அரைச்சு, நல்லெண்ணெய் விட்டு சாதத்துல பிசைஞ்சு வச்சாங்க. மூணு தடவ வாங்கி சாப்பிட்டுட்டு "என்னம்மா இது, இப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லவே இல்ல"ங்கிறார். உண்மைய சொன்னதும் ரெண்டு நாள் பெரியம்மாகூட பேசல. மூணாவது நாள் "அது இருக்கா"ன்னு மட்டும் கேட்டார். (இந்தக் கதைய இதே பக்கத்துல முன்னாடியே சொல்லிட்டேன்னு கடிதம் போடப்போற அந்த நாலு பேருக்கு: தெரியும், மறுபடி சொல்றேன்.)

ஒதுக்கி வச்ச ஒரு மணி நேரமும் அப்படித்தான். தட்டுல முதல்ல விளிம்புக்குப் போறது அதுதான். சின்னவனுக்கு ஜுரம்னா போச்சு, ராத்திரி ஒன்பது மணிக்கு கிளையன்ட் கால்னா போச்சு, மாவு அரைக்கணும்னா போச்சு. அரைச்சு சாதத்தோட கலந்துட்டா எவன் பொறுக்கி எடுப்பான்?

நீங்க வாட்டர்கலர்னு சொன்னீங்க, தப்பிச்சீங்க. அந்த வேலையில பாதி சும்மா இருக்குறதுதான். வானத்துக்கு தண்ணி நிறைய விட்டு ஒரு வாஷ், அதாவது மெல்லிசா ஒரு பூச்சு போடுறீங்க, காகிதம் பளபளன்னு நிக்குது, அந்தப் பளபளப்பு போயி காயுற வரைக்கும் அது பக்கமே போகக்கூடாது. பொறுக்காம ஈர பிரஷ்ஷ வச்சா அந்த இடத்துல காலிஃபிளவர் மாதிரி ஓரம் ஓரமா பூத்துக்கும், கறிவேப்பிலையாவது ஒதுக்கலாம், இந்தக் காலிஃபிளவர ஒண்ணும் பண்ண முடியாது. நேரம் கொட்டிக் கிடக்குறவன்தான் பக்கத்துலயே உக்காந்து நோண்டி நோண்டி கெடுப்பான். உங்களுக்கு வாஷ் போட்ட அடுத்த நிமிஷமே "அம்மா என் சாக்ஸ் எங்க"ன்னு ஒரு குரல் வரும், போவீங்க, ஒரு சாக்ஸ் கிடைக்கும், இன்னொண்ணு சோஃபாக்கு அடியில கிடைக்கும், திரும்பி வந்தா வானம் காஞ்சு ரெடியா இருக்கும். சென்னை மழைக்காலம்னா ரெண்டு ஜோடி சாக்ஸ் தேடுற நேரம் ஆகும். 300 ஜிஎஸ்எம்னு கேட்டா கெட்டித் தாள் தருவாங்க, அத வாங்கி போஸ்ட்கார்டு சைஸுக்கு வெட்டி மைக்ரோவேவ் மேல வச்சுக்குங்க, அந்த சைஸுக்கு ஒரு மணி நேரமெல்லாம் ரொம்ப ஜாஸ்தி.

இதெல்லாம் புதுசா ஒண்ணும் இல்ல. பால் பாக்கெட்ட எடுத்து உள்ள வச்சிட்டு, ஃபில்டர்ல டிகாக்‌ஷன் இறங்குறதுக்குள்ள, பதினஞ்சு புள்ளி நேர்ப்புள்ளி வச்சு சிக்குக் கோலம் போட்டு முடிச்சவங்கதானே உங்க பாட்டி? அவங்க எந்தக் காலண்டர்ல ஸ்லாட் போட்டாங்க? அந்தக் கோலத்துல இருக்குற கணக்க தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் உக்காந்து ஆராய்ஞ்சு, 1974ல கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆய்விதழ்ல கட்டுரையா போட்டாங்க. டிகாக்‌ஷன் இறங்குற நேரத்துல பாட்டி போட்ட கோலம்தான் அது. இப்ப அதே வாசல்ல என்ன இருக்கு? ஸ்டிக்கர். ஆமா, மறுபடியும் ஸ்டிக்கர் கோலத்துக்கு வந்துட்டேன், போன வருஷம் இத எழுதினப்ப எங்க அபார்ட்மென்ட் செக்ரட்டரி லிஃப்ட்ல என்னப் பாத்தா படியில இறங்க ஆரம்பிச்சார், இன்னமும் படியிலதான் போறார், உடம்புக்கு நல்லதுதான். மழை பேஞ்சாலும் அழியாத, எறும்பு கூட சீந்தாத, பத்து வீட்டு வாசல்லயும் ஒரே மயில். ஓரம் வேற பிச்சிக்கிட்டு வரும், அந்த மயிலுக்கு ரெண்டு மாசமா தலை இல்ல.

வெளிநாட்டு உதாரணம் இல்லன்னா சில பேருக்கு பதில் செரிக்காது, அதனால ஒண்ணு. ஆன்றி ரூஸோன்னு ஒரு பிரெஞ்சு ஓவியர், பாரிஸுக்குள்ள வர்ற சரக்குக்கு வரி வசூல் பண்ற ஆபீஸ்ல வேலை. ஞாயித்துக்கிழமை ஓவியன்னு நக்கல் பண்ணாங்க. 1891ல, வேலையில இருக்குறப்பவே, மழைக்காட்டுல புலி பாயுற படம் ஒண்ண கண்காட்சியில வச்சார், வேலைய விட்டது 1893ல, 49 வயசுல. நேர்ல எந்தக் காட்டுக்கும் போனதில்ல, பாரிஸ் தாவரவியல் பூங்கா கண்ணாடி வீட்டுச் செடிங்களப் பாத்து வரைஞ்ச காடு. உங்களுக்கு அதுவும் வேண்டாம், பால்கனி தொட்டியில கறிவேப்பிலைச் செடி இருக்கும்ல.

அப்புறம் அந்தப் பரண் பாக்ஸ். டியூபெல்லாம் கல்லா இறுகியிருக்கும், தூக்கிப் போட்டுடாதீங்க. வாட்டர்கலர்ல இருக்குறது கருவேலம் பிசின் மாதிரி ஒரு பிசின்தான், எத்தன வருஷமானாலும் தண்ணி பட்டா இளகும். டியூப பிளேடால நீளவாக்குல கீறி, உள்ள இருக்குற கட்டிய எடுத்து பழைய மாத்திரை அட்டைக் குழியில ஒவ்வொரு கலரா அழுத்தி வச்சு, ரெண்டு சொட்டு தண்ணி விட்டு ராத்திரி மூடி வைங்க. பிரஷ்ஷ பூச்சி அரிச்சிருக்கும், அது மட்டும் புதுசா ஒண்ணு வாங்குங்க, எட்டாம் நம்பர் ரவுண்டு, உருண்டையா இருந்து நுனி கூரா முடியுறது.