ஏற்பி இருந்தால் அனுமதியா?

கேள்வி: மூளையிலேயே கஞ்சாவுக்கென்று ஏற்பிகள் இருக்கின்றனவாம். அப்படியென்றால் நம் உடம்பே அதைக் கேட்கிறது என்றுதானே பொருள்? வெளிநாட்டில் வலிப்புக்கு மருந்தாகவே கொடுக்கிறார்கள். பிறகு எதற்கு இவ்வளவு பயமுறுத்தல்?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: நிக்கோட்டின் போய் ஒட்டிக்கொள்ளவும் மூளையில் ஏற்பி, அதாவது வேதிப்பொருள் வந்து அமரும் இடம், உண்டு. அதற்காக யாரும் பிறந்ததும் பீடி கேட்டு அழுததில்லை. அந்த ஏற்பி அசிட்டைல்கோலின் என்ற நம் சொந்தச் சரக்குக்காக இருப்பது. புகையிலை இடையில் புகுந்தது. கஞ்சா கதையும் இதேதான்.

கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியேல் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எங்கே உட்காருகிறது என்பது 1988-ல்தான் அமெரிக்காவில், ஆலின் ஹௌலெட்டின் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. எலியின் மூளையில் கிடைத்த அந்த ஏற்பிதான் சிபி1. கஞ்சாச் செடியையே பார்த்திராத எலிக்கு அது எதற்கு? தேடினார்கள். 1992-ல் ஆனந்தமைடு, 1995-ல் 2-ஏஜி என்று, மூளை தானே தயாரிக்கும் பொருள்கள் அகப்பட்டன.

இவற்றில் 2-ஏஜி செய்யும் வேலை அழகானது. ஒரு நரம்பணு பேசும், அடுத்தது கேட்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. பேசும் அணு வேதிப்பொருளைக் கொட்டும், கேட்கும் அணு வாங்கிக்கொள்ளும். 2-ஏஜி இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. தூண்டல் மிஞ்சும்போது கேட்கும் அணு தன் உறையின் கொழுப்பிலிருந்தே அதை அப்போதைக்கப்போது தயாரித்துத் திருப்பி அனுப்பும். அது பேசும் அணுவின் நுனியிலுள்ள சிபி1-ல் அமர்ந்ததும், அங்கே கால்சியம் நுழைவது குறையும். கால்சியம் குறைந்தால் கொட்டுவதும் குறையும். பந்தியில் இலைமேல் கையை நீட்டிப் 'போதும்' என்கிறோமே, அதுதான். சற்று நேரத்தில் ஒரு நொதி 2-ஏஜியைச் சிதைத்துவிடும். கை விலகும், பரிமாறல் தொடரும். 2001-ல் மூன்று குழுக்கள் தனித்தனியே இந்தப் பின்னோக்கிய சமிக்ஞையைக் கண்டன.

டிஎச்சி என்ன செய்கிறது? ஏற்பி உள்ள இடமெல்லாம், மொத்தப் பந்திக்கும் குறுக்கே ஒரே நேரத்தில் கையை நீட்டுகிறது. மணிக்கணக்கில் எடுப்பதுமில்லை. யாருக்குப் பசி, யாருக்குப் போதும் என்ற வித்தியாசமே போய்விடும். 'நான் என்ன சொல்ல வந்தேன்?' என்று வாக்கியத்தின் பாதியில் விழிப்பது இதனால்தான். புது நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸில் சிபி1 நெருக்கமாக இருக்கிறது. அசைவைச் சீராக்கும் சிறுமூளையிலும் அப்படியே; கிளாஸை எடுக்கப் போன கை தடுமாறுகிறது.

உடம்பே கேட்கிறது என்கிறீர்கள். தினமும் புகைப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, அதன் வெளியடுக்கான புறணியில் சிபி1 குறைந்திருந்தது. நிறுத்தி ஏறக்குறைய நான்கு வாரம் ஆனபின் மறுபடி ஏறியது. கேட்கிற உடம்பு, வாங்கிக்கொள்ளும் இடத்தையா குறைக்கும்?

சரி, உங்கள் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூச்சை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியில் இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. அபின் வகைகளைப் போல மூச்சு அடங்கிச் சாவது கஞ்சாவில் வழக்கமில்லை. ஆனால் 'ஸ்பைஸ்' என்று விற்கும் செயற்கைச் சரக்குக்கு இந்த நற்சான்று செல்லாது. டிஎச்சி சிபி1-ஐ அரைகுறையாகத்தான் இயக்கும். அவற்றில் பல முழு வேகத்தில் இயக்குபவை, உயிரையும் வாங்கியிருக்கின்றன.

சிபி1-ஐ அடியோடு மூடிவிட்டால் நல்லதென்று நினைப்பவர்களும் உண்டு. ஐரோப்பாவில் உடல் எடையைக் குறைக்க 2006-ல் வந்த ரிமோனாபான்ட் அதைத்தான் செய்தது. பசி குறைந்தது, கூடவே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வந்தன. 2008-ல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். இந்தச் சமிக்ஞை இல்லாமலும் மூளைக்கு ஓடாது, அதனால்தான் அதில் கைவைக்கும்போது யோசிக்கச் சொல்கிறேன்.

வலிப்பு மருந்து விஷயம் வேறு. 2018-ல் அமெரிக்கா அனுமதித்த எபிடியோலெக்ஸில் இருப்பது சிபிடி. அதுவும் கஞ்சாவிலிருந்து வருவதுதான், ஆனால் சிபி1-ஐ டிஎச்சி மாதிரி முடுக்காது, போதையும் ஏற்றாது. ட்ராவெட், லென்னாக்ஸ்-காஸ்டோ என்ற கடுமையான வலிப்புகளுக்கு, எடை பார்த்து, கல்லீரலைச் சோதித்துக்கொண்டே கொடுக்கிறார்கள். அதைக் காட்டித் தெருமுனைப் பொட்டலத்துக்கு வக்காலத்து வாங்காதீர்கள். போதைக்கென்று விற்கும் அதில் உங்களுக்குக் கிடைப்பது டிஎச்சிதான்.